ஃபைபரில் குவாண்டம் சாவி: வாசகர் கேள்விகள், பதில்கள்

குவாண்டம் மறையாக்கம் உள்ள இணைப்பில் என் கோப்புகளே குவாண்டம் நிலையில்தான் போகுமா?

இல்லை. கோப்பு எப்போதும்போல ஏஇஎஸ்-256 போன்ற வழக்கமான முறையில் பூட்டப்பட்டு, சாதாரண லேசர் ஒளியில்தான் போகிறது. ஃபோட்டான் எனும் ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக அனுப்பி, அந்தப் பூட்டுக்கான சாவியை இரு முனைகளிலும் உருவாக்குவது மட்டுமே குவாண்டம் கருவியின் வேலை. அதனால்தான் துறையில் இருப்பவர்கள் இதை க்யூகேடி, அதாவது குவாண்டம் சாவிப் பகிர்வு என்கிறார்கள். சாவி நொடிக்குச் சில நூறு பிட் வேகத்தில் வந்தாலும் 100 கிகாபிட் இணைப்புக்குப் போதும். 256 பிட் சாவியை நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றினாலே தாராளம்.

நடுவில் ஒருவர் ஃபோட்டானைப் பிடித்து, அளந்து பார்த்துவிட்டு, அதேபோல இன்னொன்றை அனுப்பிவிட்டால்?

அந்த 'அதேபோல'தான் முடியாத காரியம். 1984இல் சார்லஸ் பென்னட்டும் ஜில் பிராசாரும் முன்வைத்த பிபி84 முறையில், ஒவ்வொரு பிட்டும் இரண்டு வகைக் குறியீடுகளில் ஏதோ ஒன்றில் ஃபோட்டான்மேல் ஏற்றப்படுகிறது. எந்த வகை என்பதை அனுப்புபவர் தற்போக்காகத் தேர்ந்தெடுக்கிறார். பெறுபவரும் தற்போக்காக ஒன்றைத் தேர்ந்து அளக்கிறார். வகை பொருந்திய பிட்டுகளை மட்டும் பிறகு வைத்துக்கொள்கிறார்கள்.

இடையில் பிடிப்பவருக்கு வகை தெரியாது. பாதித் தடவை தவறாக ஊகிப்பார். அப்படித் தவறியவற்றில் பாதி, பெறுபவரிடம் பிழையாக வந்து விழும். ஆக, எல்லா ஃபோட்டானையும் பிடித்தால் 25% பிழை. இரு முனைகளும் சில பிட்டுகளை வெளிப்படையாக ஒப்பிட்டுப் பிழையை அளக்கின்றன. அது சுமார் 11 சதவீதத்தைத் தாண்டினால் மொத்தச் சாவியையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதன் கறார்த்தனம். ஃபைபரிலும் டிடெக்டரிலும் எப்போதும் கொஞ்சம் பிழை இருக்கும். அது கருவியால் வந்ததா, திருடனால் வந்ததா என்று க்யூகேடி ஆராய்வதில்லை. முழுவதையும் திருடன் கணக்கில் எழுதி, அவனுக்குத் தெரிந்திருக்கக்கூடிய அளவைக் கழித்துச் சாவியைச் சுருக்கிவிடும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: ஒட்டுக்கேட்பதை இது காட்டிக்கொடுக்கும், தடுக்காது. ஃபைபரை ஒருவர் வெட்டிவிட்டால் சாவியே வராது.

நீண்ட தூர ஃபைபரில் வழக்கமாக ஆம்ப்ளிஃபையர் போடுகிறோமே, இங்கே ஏன் கூடாது?

ஆம்ப்ளிஃபையர் செய்வது நகலெடுப்பு. தெரியாத குவாண்டம் நிலையைக் கச்சிதமாக நகலெடுக்க முடியாது என்பதில்தான் இந்தப் பாதுகாப்பே நிற்கிறது. திருடனுக்கு உள்ள தடை நமக்கும் உண்டு.

நல்ல ஃபைபரில் கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் இழப்பு. 100 கி.மீ.யில் நூற்றுக்கு ஒரு ஃபோட்டான்தான் மிஞ்சும். 1,000 கி.மீ. என்றால், நொடிக்கு 1,000 கோடி ஃபோட்டான்களை அனுப்பினாலும் மறுமுனையில் ஒன்று வந்துசேர 300 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இதற்கு இப்போது நடைமுறையில் உள்ள வழி 'நம்பகக் கணு', அதாவது வழியில் நாம் நம்பியே ஆக வேண்டிய இடைநிலையம். 2017இல் இயங்கத் தொடங்கிய பெய்ஜிங்–ஷாங்காய் தடம் 2,000 கி.மீ. நீளம், 32 கணுக்கள். ஒவ்வொரு கணுவிலும் சாவி வெளிப்படையாக ஒரு பெட்டிக்குள் வந்து, அடுத்த துண்டுக்குப் போகிறது. இயற்பியல் காவல் கணுவின் கதவோடு நின்றுவிடும். உள்ளே பூட்டும் ஆட்களும்தான்.

இன்னொரு வழி 2018இல் தோஷிபாவின் கேம்பிரிட்ஜ் ஆய்வகம் முன்வைத்த இரட்டைப்புல முறை. இரு முனைகளும் மங்கலான ஒளியை நடுவிலுள்ள ஒரு நிலையத்துக்கு அனுப்புகின்றன. அந்த நிலையத்தை நம்பத் தேவையில்லை. சாவி வேகமும் பாதித் தூரத்தின் இழப்புக்கு ஏற்பத்தான் குறையும். 2023இல் சீனக் குழு ஒன்று 1,002 கி.மீ. ஃபைபரில் இதைச் செய்துகாட்டியது. ஆனால் சாவி நொடிக்கு ஒரு பிட்டைக்கூட எட்டவில்லை. என்னைக் கேட்டால், 2025இல் ஜெர்மனியில் நடந்த சோதனைதான் முக்கியம். ஏற்கெனவே புதைத்திருந்த தொலைத்தொடர்பு ஃபைபரில் 254 கி.மீ., அதுவும் கடுங்குளிர் டிடெக்டர்கள் இல்லாமல்.

தனி டார்க் ஃபைபர் (வேறு சிக்னல் எதுவும் ஓடாத ஃபைபர்) வேண்டுமா, ட்ராஃபிக் ஓடும் ஃபைபரிலேயே சேர்க்கலாமா?

சேர்க்கலாம், கவனத்தோடு. ஒரு மில்லிவாட் சாதாரண சிக்னலில் நொடிக்குச் சுமார் 80 கோடி கோடி ஃபோட்டான்கள் ஓடுகின்றன. அதில் ஒரு பகுதி ஃபைபரில் மோதி அலைநீளம் மாறிச் சிதறும்; இந்த ராமன் சிதறல் பக்கத்து அலைநீளங்களிலும் பரவி, ஒற்றை ஃபோட்டான்களை மூழ்கடிக்கும். குவாண்டம் சேனலை 1310 நானோமீட்டருக்குத் தள்ளினால் இரைச்சல் குறையும், ஆனால் அங்கே இழப்பு அதிகம் என்பதால் தூரமும் குறையும். மற்ற சிக்னல்களின் பவரைக் குறைப்பதும் குறுகிய ஃபில்டர் போடுவதும் உதவும். உட்குழல் ஃபைபரில் ஒளி பெரும்பாலும் காற்றில் ஓடுவதால் ராமன் தொல்லை மிகக் குறைவு. அதன் இழப்பும் இப்போது கிலோமீட்டருக்கு 0.1 டெசிபெலுக்குக் கீழே வந்திருக்கிறது. விலையும் கிடைப்பும்தான் இன்னும் பாக்கி.

"உடைக்கவே முடியாது" என்கிறார் விற்பனையாளர். நம்பலாமா?

நெறிமுறையை நம்பலாம், பெட்டியைச் சோதித்துத்தான் நம்ப வேண்டும். 2010இல், சந்தையில் இருந்த கருவிகளின் டிடெக்டர்மேல் பலமான ஒளியைப் பாய்ச்சி, அதைக் குருடாக்கி, தாங்கள் விரும்பிய பிட்டையே பதிவு செய்ய வைக்கலாம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2012இல் வந்த, அளக்கும் கருவியை நம்பத் தேவையில்லாத 'அளவுக்கருவி சாரா' முறை டிடெக்டர் பக்கத்து ஓட்டைகளை மொத்தமாக அடைத்தது. அனுப்பும் பக்கத்தை அது காக்காது. ஐஎஸ்ஓ 23837 தரத்தின்படி வெளியார் யாராவது சோதித்தார்களா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள்.

க்யூகேடி வந்துவிட்டால் டிஜிட்டல் கையொப்பம் தேவையில்லைதானே?

தேவை. மறுமுனையில் இருப்பது சரியான ஆள்தானா என்று ஃபோட்டான் சொல்லாது. முன்பே பகிர்ந்த ரகசியமோ கையொப்பமோ இல்லாவிட்டால், நடுவில் ஒருவர் இரு பக்கமும் தனித்தனியே சாவி பேசிவிட்டுப் போவார்.

அப்படியானால் குவாண்டம் கணினியைத் தாங்கும் புதிய கணித முறைகளே போதாதா?

பெரும்பாலோருக்குப் போதும். இணையத்தில் பரவலாக உள்ள ஆர்எஸ்ஏ போன்ற மறையாக்க முறைகளைக் குவாண்டம் கணினி உடைக்கும் என்று பீட்டர் ஷோர் 1994இல் காட்டினார். மாற்றாக அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் மூன்று தரங்களை வெளியிட்டது. மென்பொருளை மாற்றினால் போதும், தூர வரம்பு கிடையாது. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ் நாடுகளின் பாதுகாப்பு அமைப்புகளும் இதையே முதலில் செய்யச் சொல்கின்றன. இன்றே ட்ராஃபிக்கைப் பதிவு செய்து வைத்துப் பிறகு உடைக்கும் ஆபத்து இருப்பதால், தள்ளிப்போடக் கூடாது.

பல ஆண்டுகள் ரகசியமாக இருக்க வேண்டிய தரவு, இரு தரவு மையங்களுக்கு இடையே நூறு கி.மீ.க்குள் சொந்த ஃபைபர்: இவை இரண்டும் இருந்தால் மட்டும் க்யூகேடியை மேலே சேர்ப்பேன். அப்போதும் க்யூகேடி சாவி, புதிய கணித முறைச் சாவி இரண்டையும் கலந்தே பயன்படுத்துவேன், ஒன்று உடைந்தாலும் மற்றது நிற்கும். இப்போது என்க்ரிப்டர் (தரவைப் பூட்டும் கருவி) வாங்குபவர்கள், வெளியிலிருந்து சாவி ஏற்கும், ஐரோப்பியத் தர அமைப்பான எட்சியின் 014 இடைமுகம் அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.