வாரியத்தில் உட்கார இன்னும் சில வருடம் போகட்டும்

அன்புள்ள ஐயா,

நீங்கள் அனுப்பிய அறிவிப்பைப் படித்தேன். சமூகப் பணியாளர்களுக்கு உரிமம் வழங்கும் ஒழுங்குமுறை வாரியம், குழந்தைகள் நலத்தில் அனுபவமுள்ள ஒருவரைத் தேடுகிறது. மகள் சமூகப்பணி முதுகலை கடைசி வருடம் படிக்கிறாள், விண்ணப்பிக்கலாமா, சம்பளம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இது சம்பள வேலை இல்லை, ஐயா. உறுப்பினர் பொறுப்பு. கூட்டம் நடக்கும் நாளுக்குப் படி, பயணச் செலவு, பெரும்பாலும் அவ்வளவுதான் கிடைக்கும். தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே இதையும் செய்பவர்கள்தான் அதில் உட்காருகிறார்கள். உரிமம் இன்னும் கைக்கு வராத மாணவியின் விண்ணப்பம் முதல் சுற்றைத் தாண்டாது.

ஆனாலும் அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் மகள் எந்தத் திசையில் நடக்கலாம் என்பது அதில் இருக்கிறது.

யார் தன்னைச் சமூகப் பணியாளர் என்று சொல்லிக்கொள்ளலாம், தவறு செய்தவரை என்ன செய்வது என்று தீர்மானிக்கும் இடம் இந்த வாரியம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் தனி வாரியம் உண்டு. கலிஃபோர்னியா 1945-லேயே தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் 2005 முதல் பதிவு செய்யாதவர் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ள முடியாது. 2019 டிசம்பரிலிருந்து இந்தத் தொழிலுக்கென்றே 'சோஷியல் வொர்க் இங்கிலாந்து' என்ற அமைப்பு அங்கே பொறுப்பில் இருக்கிறது.

சரி, குழந்தைகள் நலத்திலிருந்து ஒருவர் ஏன் வேண்டும்? புகார் ஃபைலை வைத்துப் பாருங்கள். ஒரு வீட்டிலிருந்து குழந்தையைப் பாதுகாப்புக்காக வெளியே எடுக்கிறார்கள். தாயோ தகப்பனோ கொதித்துப்போய் வாரியத்துக்கு எழுதுகிறார். அது முடிவின் மேலுள்ள கோபமா, பணியாளரின் தவறா? தனி அறையில் ஆலோசனை மட்டுமே கொடுத்துப் பழகியவருக்கு இதைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கதவைத் தட்டியவருக்கு, நீதிமன்றக் கெடுவுக்குள் ரிப்போர்ட் கொடுக்க ராத்திரி கண் விழித்தவருக்குத்தான் எதைத் தேட வேண்டும் என்று தெரியும். வீட்டுக்குப் போனதாக எழுதிய தேதியில் உண்மையிலேயே போனாரா? குழந்தையிடம் தனியாகப் பேசினாரா? குறிப்பை அன்றே எழுதினாரா, புகார் வந்தபின் உட்கார்ந்து எழுதினாரா?

இதில் ஒரு சங்கடமும் உண்டு. "எங்களுக்கெல்லாம் கேஸ் அதிகம், பாவம் விட்டுவிடுங்கள்" என்று சக பணியாளருக்குப் பரிந்து பேசுகிறவர் அந்த நாற்காலிக்கு ஆகமாட்டார். வாரியம் இருப்பது பொதுமக்களைப் பாதுகாக்க. தொழிலுக்காக வாதாடச் சங்கங்கள் தனியாக இருக்கின்றன. கனடாவின் ஒன்டாரியோவில் சமூகப்பணிக் கல்லூரி என்று ஓர் அமைப்பு (பெயர்தான் கல்லூரி, பாடம் நடத்தாது, செய்வது வாரியத்தின் வேலை). அதன் குழுவில் மூன்றில் ஒரு பங்கு தொழிலுக்கு வெளியே உள்ள பொதுமக்கள். தொழில்காரர்களே நிறைந்த வாரியம் தன் ஆட்களின் வருமானத்தைக் காப்பாற்றப் பார்க்கும் என்ற சந்தேகமும் பழையது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2015-இல் வட கரோலினா பல் மருத்துவ வாரியத்துக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னதும் இந்த விஷயத்தில்தான்.

இப்போது உங்கள் மகள் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். படிப்பு முடிந்ததும் உரிமம் வாங்கட்டும், வேலை கொடுப்பவர் கேட்காவிட்டாலும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அரசுக் குழந்தைகள் நலப் பணிக்கு உரிமம் கட்டாயமில்லை. அதனால் வருடக்கணக்கில் களத்தில் உழைத்தவர்களுக்கும் உரிமம் இருப்பதில்லை. வாரியத்தில் தொழில்காரர்களுக்கான உறுப்பினர் இடம் என்று வரும்போது வெளியே நிற்க வேண்டியதாகிவிடும்.

அப்புறம், எழுத்து. சந்திப்பு முடிந்த அன்றே குறிப்பு எழுதிவிட வேண்டும். பார்த்தது ஒரு வரி, தான் நினைப்பது வேறு வரி என்று பிரித்து எழுதப் பழகட்டும். நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் வாய்ப்பு வந்தால் பயந்து ஒதுங்க வேண்டாம். சில வருடம் போனதும் ஏதாவது துணைக் குழுவிலோ, புகார்களை ஆராயும் நிபுணராகவோ சேரலாம். வாரியத்துக்குள் நுழைய அது நல்ல வழி.

சம்பளம்தான் உங்கள் கவலை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. வாரிய அலுவலகத்திலேயே முழுநேர ஊழியர்கள் வேலை செய்கிறார்கள்: விசாரணை அலுவலர், பதிவுப் பிரிவு, கொள்கைப் பிரிவு. விசாரணை வேலைக்குக் களத்தில் மூன்று நான்கு வருடம் இருந்தவரின் விண்ணப்பம் எடுபடும். படித்த உடனே அங்கே போய் உட்காருவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். களம் தெரியாமல் அடுத்தவர் ஃபைலைப் புரட்டினால் ஒன்றும் பிடிபடாது.

பல வாரியங்களின் கூட்டங்களில் பொதுமக்களும் உட்காரலாம். அடுத்த தேதியைப் பார்த்து அவளை ஒருமுறை போய் வரச் சொல்லுங்கள். விதி ஒன்றில் ஒரு சொல்லை மாற்றுவதா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் பேசினாலும் பேசுவார்கள். தூங்காமல் கேட்டுவிட்டு வந்தால், எனக்கு அவளையே எழுதச் சொல்லுங்கள்.