400 ரூபாய் டிவிடெண்டை ஜிபேயில் அனுப்பச் சொல்ல முடியுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 71. ஒரு பட்டியலிட்ட கம்பெனியின் 200 பங்குகள், தொண்ணூறுகளில் வாங்கியவை, இன்னும் காகிதச் சான்றிதழாகவே அவர் பெயரில் உள்ளன. வருடத்துக்கு 400 ரூபாய் போல டிவிடெண்ட் (லாபப் பங்கு) வாரண்ட், அதாவது வங்கியில் போட்டுப் பணமாக்கும் தாள், தபாலில் வரும். 2019 முதல் வந்த வாரண்ட்டுகளை அம்மா வங்கியில் போடாமல் பீரோவிலேயே வைத்துவிட்டார். 2024-க்குப் பிறகு வாரண்ட்டே வரவில்லை. விசாரித்தால் ‘கேஒய்சி முடியுங்கள்’ என்கிறார்கள். அம்மாவின் போன் நம்பரில் ஜிபே இருக்கிறது. என் வங்கிக் கணக்கைத்தான் அதில் இணைத்திருக்கிறேன். அந்த நம்பருக்கே பணத்தை அனுப்பச் சொல்ல சட்டத்தில் இடம் உண்டா? 30 நாளுக்குள் தராவிட்டால் 18 சதவீத வட்டி என்று படித்தேன். வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா?
– வாசகர், ராஜபாளையம்

பதில்: நோட்டீஸ் வேண்டாம். அந்தச் செலவில் அம்மாவின் பல வருட டிவிடெண்ட் போய்விடும். ஆனால் உங்கள் முதல் கேள்வி நியாயமானது. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 123(5) டிவிடெண்டைக் காசோலையாகவோ, வாரண்ட்டாகவோ, ‘எந்த மின்னணு முறையிலும்’ தரலாம் என்கிறது. போன் வழிப் பணம் அந்த வாசகத்துக்குள் அடங்காது என்று யாரும் வாதாட முடியாது. தடை வேறு இடத்தில் இருக்கிறது. பணம் பதிவேட்டில் உள்ள பங்குதாரருக்கோ, அவர் சொல்படியோ, அவருடைய வங்கிக்கோதான் போக வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. பட்டியலிட்ட கம்பெனியானால் ரிசர்வ் வங்கி அங்கீகரித்த மின்னணு முறையைப் பயன்படுத்த வேண்டும் என்பது பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் விதி. நடைமுறையில் கம்பெனிக்காகப் பங்குதாரர் பதிவேட்டைப் பராமரிக்கும் ரிஜிஸ்ட்ரார் நிறுவனம், அதாவது ஆர்டிஏ, கேட்பது கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சியும். அதுவும் பங்குதாரரின் சொந்தக் கணக்கு.

கென்யாவில் இது வேறு மாதிரி. அங்கே 2007-ல் வந்த எம்-பெசாவில் போன் நம்பரே பணக்கணக்கு. வங்கி வாசலை மிதிக்காதவரும் அதில் பணம் வைத்திருக்கலாம். எம்-பெசாவை நடத்தும் போன் கம்பெனி சஃபாரிகாம். 2008-ல் பொதுமக்களுக்குப் பங்கு விற்ற அந்தக் கம்பெனி, சிறு பங்குதாரர்களின் டிவிடெண்டை எம்-பெசாவிலேயே அனுப்பியது. சில ஷில்லிங்குக்காக ஒரு காசோலை அச்சடித்துத் தபாலில் போட்டால் கம்பெனிக்கும் நஷ்டம், வாங்குபவருக்கும் அலைச்சல். நம் யுபிஐ அப்படியல்ல. போன் நம்பர் ஒரு வங்கிக் கணக்குக்குப் போகும் வழி மட்டுமே. உங்கள் வீட்டில் அந்த வழி போய் நிற்பது உங்கள் கணக்கில். அம்மாவின் போனாக இருந்தாலும், அங்கே விழும் பணம் சட்டத்தின் கண்ணில் மகனுக்குக் கொடுத்த பணம். நாளை உங்கள் அக்காவோ தம்பியோ கேள்வி கேட்டால் கம்பெனி பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால்தான் மறுக்கிறார்கள்.

18 சதவீத வட்டிக்கு வருவோம். பிரிவு 127 அதைச் சொல்வது உண்மை. தெரிந்தே தவறிய இயக்குநருக்குச் சிறைத் தண்டனை வரை அதில் உண்டு. ஆனால் சட்டத்தின் செயல்பாட்டால் பணம் நின்றாலோ, தாமதம் கம்பெனியின் தவறால் நேராவிட்டாலோ அது குற்றமாகாது என்று அதே பிரிவே விலக்கு தருகிறது. காகிதப் பங்கு வைத்திருப்பவரின் பான், முகவரி, மொபைல் எண், வங்கி விவரம், மாதிரிக் கையெழுத்து ஆகியவை பதிவாகாவிட்டால் 2024 ஏப்ரல் 1 முதல் டிவிடெண்டை நிறுத்தி வைக்க வேண்டும், பதிவான பிறகும் மின்னணு முறையில் மட்டுமே தர வேண்டும் என்பது செபியின் உத்தரவு. ஆகவே வட்டி வழக்கு நிற்காது. நாமினி சொல்லாததைக் காரணம் காட்டினால் மட்டும் விடாதீர்கள். அதற்காக டிவிடெண்டை நிறுத்தக் கூடாது என்று 2024 ஜூனில் செபி தெளிவாக்கிவிட்டது. (நாமினி போடுவது நல்லதுதான், அது எஸ்ஹெச்-13 படிவம்.)

செய்ய வேண்டியது, மேலே சொன்ன விவரங்களைப் பதிவதற்கான ஐஎஸ்ஆர்-1 படிவம். ஆர்டிஏவின் இணையதளத்திலேயே கிடைக்கும். அதோடு சுய கையொப்பமிட்ட பான் நகல், அம்மாவின் பெயர் அச்சிட்ட ரத்து செய்த காசோலை. அம்மாவுக்குத் தனிக் கணக்கு இல்லையென்றால் முதலில் அதைத் தொடங்குங்கள். பிறகு ஐஎஸ்ஆர்-2. இதில் அம்மா வங்கி மேலாளர் முன் கையெழுத்திட, மேலாளர் தன் பெயர், பணியாளர் எண், முத்திரையோடு சான்றளிக்க வேண்டும். முப்பது வருடத்துக்கு முன் போட்ட கையெழுத்தும் இன்று நடுங்கும் கையால் போடுவதும் ஒத்துப்போகாது. அந்தச் சிக்கலைத் தீர்ப்பது இந்தத் தாள்தான். சில கிளைகளில் ‘எங்களுக்கு இப்படி ஒரு ஃபாரமே தெரியாது’ என்பார்கள். படிவத்தில் வங்கிக்கென்று இருக்கும் பகுதியைக் காட்டிப் பொறுமையாகப் பேசுங்கள்.

நம் ஊரில் வேலை நின்றுபோவது பெரும்பாலும் இனிஷியலில்தான். சான்றிதழில் அப்பா பெயரின் எழுத்து, ஆதாரில் கணவர் பெயரின் எழுத்து, பான் கார்டில் இனிஷியல் விரிந்து முழுப் பெயராக இருக்கும். மூன்றும் ஒருவரே என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. சிறு வேறுபாடானால் ஆதார், பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ் போன்றவற்றில் எது அந்த வித்தியாசத்தை விளக்குகிறதோ அதன் நகலைச் சேர்த்தே அனுப்புங்கள். அவர்கள் திருப்பி அனுப்பும்வரை காத்திருக்க வேண்டாம்.

இனி அவசரமான விஷயம், பீரோவில் உள்ள வாரண்ட்டுகள். மூன்று மாதம் தாண்டிய வாரண்ட்டை வங்கி வாங்காது. பணம் மட்டும் கம்பெனியின் ‘செலுத்தப்படாத டிவிடெண்ட்’ கணக்கில் இருக்கும். அங்கே ஏழு ஆண்டு கிடந்தால் மத்திய அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்கு, ஐஇபிஎஃப்புக்குப் போய்விடும். தொடர்ந்து ஏழு ஆண்டு எந்த டிவிடெண்டையும் வாங்காவிட்டால் பங்குகளும் கூடவே போகும். 2019 ஆகஸ்டில் அறிவித்த டிவிடெண்ட் என்றால் 2026 செப்டம்பர் வாக்கில் கெடு முடிகிறது. உங்கள் கவலை 400 ரூபாயைப் பற்றி. எனக்குக் கவலை அந்த 200 பங்குகளைப் பற்றி. இடையில் ஒரு வருட டிவிடெண்டை வாங்கியிருந்தாலே பங்குகள் போகாது. எனவே ஐஎஸ்ஆர்-1-ஐ அனுப்பும்போதே, நிலுவையிலுள்ள எல்லா ஆண்டு டிவிடெண்டையும் கோரி ஒரு கடிதம் வையுங்கள். வாரண்ட்டுகளின் எண்களை அதில் எழுதுங்கள், அசலை ஜெராக்ஸ் எடுக்காமல் அனுப்பாதீர்கள். நிதிக்குப் போனாலும் ஐஇபிஎஃப்-5 படிவத்தில் மீட்கலாம், ஆனால் அது நீண்ட நடை.

கேஒய்சி முடிந்த கையோடு பங்குகளை டிமேட்டுக்கு, அதாவது காகிதமில்லாத மின்னணுப் பங்குக் கணக்குக்கு, மாற்றிவிடுங்கள். காகிதப் பங்கை 2019 ஏப்ரல் முதல் யாருக்கும் விற்க முடியாது. நான்கு லட்சத்துக்குக் கீழ் மதிப்பென்றால் அடிப்படை டிமேட் கணக்குக்கு ஆண்டுக் கட்டணம் கிடையாது. அதன்பின் டிவிடெண்ட் அந்தக் கணக்கோடு இணைந்த வங்கிக்குத் தானாக வரும், அம்மாவின் போனில் எஸ்எம்எஸ்ஸும் வரும்.

எஸ்எம்எஸ் என்றதும் ஒன்று. ‘உங்கள் டிவிடெண்ட் நிலுவையில் உள்ளது, லிங்க்கை அழுத்தி யுபிஐ பின் போடுங்கள்’ என்று வந்தால் அது திருட்டு. பணம் வாங்க பின் தேவையே இல்லை, கொடுக்கத்தான் பின். அம்மாவிடம் இதை இன்றே சொல்லிவையுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.

தாள்களை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஆர்டிஏ சரியான பதில் தராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். புகார் வந்த 21 நாளுக்குள் கம்பெனி நடவடிக்கை எடுத்து அறிக்கை தர வேண்டும்.