இசை கேள்வி பதில்: கடைசி வரிசை வயலின்

கேள்வி: என் மகள் நியூயார்க்கில் ஓர் இசைக் கல்லூரியில் வயலின் பயில்கிறாள். கல்லூரியின் மாணவர் ஆர்கெஸ்ட்ரா விரைவில் கார்னகி அரங்கில் வாசிக்க இருக்கிறது. இங்கே பள்ளி விழாக்களில் தனியாக நின்று வாசித்தவளுக்கு, அங்கே இரண்டாம் வயலின் பிரிவில் கடைசி வரிசைதான் கிடைத்திருக்கிறது. அவளைவிட எனக்குத்தான் மனம் ஆறவில்லை. இது அவள் திறமையைக் குறைத்து மதிப்பிடுவது ஆகாதா?
(ஒரு தாய், கோத்தகிரி)

பதில்: ஆகாது, அம்மா. பெரிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் முதல் வயலின்கள் 16, இரண்டாம் வயலின்கள் 14 என்ற அளவில் இருப்பார்கள். இருவருக்கு ஒரு ஸ்டாண்டு என்று இசைத்தாளைப் பகிர்ந்துகொண்டு வாசிப்பார்கள். பல கல்லூரிகளில் இந்த இடங்கள் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாற்றப்படுகின்றன. முன்வரிசையின் பொறுப்பும் பின்வரிசையின் கடினமும் எல்லா மாணவர்களுக்கும் பழக வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

பின்வரிசையின் கடினம் என்று சொன்னதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. ஆகவே 15 மீட்டர் அகலமுள்ள மேடையின் ஒரு முனையில் எழும் சுரம் மறுமுனையை அடைய, ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான நேரம் ஆகிறது. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் இந்த இடைவெளி, நொடிக்கு எட்டு ஒன்பது சுரங்கள் ஓடும் விரைவான பகுதியில் ஒரு சுரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். தூரத்தில் இருப்பவர் காதில் விழுவதை மட்டும் நம்பி வாசித்தால் ஒவ்வொரு முறையும் பின்தங்கிவிடுவார். எனவே உங்கள் மகள் இசை நடத்துநரின் கைக்கோலையும், தன் பிரிவின் தலைவர் வில்லை இழுக்கும் விதத்தையும் கண்ணால் பிடித்துக்கொண்டு, பின்னாலிருந்து வரும் காற்று வாத்தியங்களின் ஒலிக்கு அளவோடு செவிகொடுத்து, கூடவே இசைத்தாளையும் படித்தாக வேண்டும். தனி வாசிப்பில் எத்தனை ஆண்டு உழைத்தாலும் இந்தப் பயிற்சி கிடைக்காது. இதற்காகத்தான் இசைக் கல்லூரிகள் ஆர்கெஸ்ட்ராவைப் பாடத்திட்டத்தின் நடுவே வைத்திருக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் பக்கத்துக் கோத்தர் பழங்குடியினரின் ஊர்களில் கொள் என்னும் குழலும் பறைகளும் கொம்பும் ஒன்றாக ஒலிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அங்கேயும் ஒவ்வொருவரும் மற்றவருக்குச் செவிகொடுப்பதால்தான் இசை நிற்கிறது.

இன்னொன்றும் உங்களை மகிழ்விக்கக்கூடும். நியூயார்க்கில் 1892 முதல் 1895 வரை ஓர் இசைக் கல்லூரியின் இயக்குநராக இருந்த செக் நாட்டு இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் ‘புதிய உலகிலிருந்து’ சிம்பொனி 1893 டிசம்பரில் முதன்முதலாக அரங்கேறியது இதே கார்னகி அரங்கில்தான்.

கேள்வி: கார்னகி போன்ற இசை அரங்குகளில் மைக் வைப்பதில்லை என்கிறார்கள். அப்படியானால் கடைசி இருக்கையில் இருப்பவருக்கு எப்படிக் கேட்கும்?
(ஒரு வாசகர், குன்னூர்)

பதில்: கட்டடமே அந்த வேலையைச் செய்கிறது. 1870-இல் திறக்கப்பட்ட வியன்னாவின் மியூசிக்ஃபெரைன் அரங்கு நீண்டு, குறுகி, உயர்ந்து இருப்பதால் பக்கச் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி விரைவிலேயே கேட்பவரை வந்தடைந்து, மேடையிலிருந்து நேரே வரும் ஒலிக்கு வலுச் சேர்க்கிறது. ஓர் அரங்கில் ஒலி எவ்வளவு நேரம் தங்கும் என்பதைக் கணக்காக வகுத்தவர் ஹார்வர்டு பேராசிரியர் வாலஸ் சபின். 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி அரங்கு அவருடைய ஆலோசனையோடு கட்டப்பட்டது. 1891-இல் திறந்த கார்னகியின் பெரிய அரங்கில் 2,800 பேர் வரை அமரலாம்.

மாணவர்களுக்குச் சோதனை வருவது இங்கேதான். ஆளில்லாத அரங்கில் ஒத்திகை பார்க்கும்போது ஒலி நீண்டு தங்கும்; மாலையில் இருக்கைகள் நிறைந்ததும் மனிதர்களும் அவர்களுடைய உடைகளும் ஒலியை உறிஞ்சிக்கொள்வதால் அதே சுரம் சீக்கிரம் அடங்கிவிடும். கல்லூரியின் ஒத்திகை அறையில் பல வாரங்கள் பழகிய அளவுகளை அன்று ஒரே மாலையில் காதால் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெரிய அரங்கில் வாசிக்கும் வாய்ப்பை மாணவர்களுக்கு அவசியமானதாக நான் கருதுவதற்குக் காரணம் அரங்கின் புகழைவிட இந்த அனுபவம்தான்.

கேள்வி: நான் புல்லாங்குழல் (மேற்கத்திய ஃப்ளூட்) பயிலும் மாணவன். மார்கழிக் காலையில் வாசித்தால் சுருதி இறங்கிவிடுகிறது. ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்தால் இதை எப்படிச் சமாளிப்பது?
(ஒரு மாணவர், கொடைக்கானல்)

பதில்: குழலுக்குள் இருக்கும் காற்று குளிர்ந்தால் அதில் ஒலியின் வேகம் குறைகிறது, அதனால் சுருதி இறங்குகிறது. கொடைக்கானலின் உயரம் இதற்குக் காரணம் அன்று, குளிர் மட்டுமே காரணம். ஆர்கெஸ்ட்ராவில் ஓபோ என்னும் குழல் வாத்தியம் வாசிப்பவர் கொடுக்கும் சுரத்துக்கே எல்லாரும் சுருதி சேர்க்கிறார்கள். பெரும்பாலும் அது நொடிக்கு 440 அதிர்வுகள் கொண்ட சுரம். அதற்கு முன்பே வாய்த் துளையை உதட்டால் மூடி, ஓசை எழாமல் வெதுவெதுப்பான மூச்சைச் சில முறை குழலுக்குள் செலுத்துங்கள். நீண்ட நேரம் வாசிக்காமல் காத்திருந்த பிறகு உங்கள் பகுதி வரும்போதும், நுழைவதற்குச் சற்று முன்பு இப்படியே செய்யுங்கள். குழல் சூடேறாமலே தலைப்பகுதியை உள்ளே தள்ளிச் சுருதியை ஏற்றிக்கொண்டால், அரங்கு வெப்பமடைந்த பிறகு சுருதி எல்லை மீறி ஏறிவிடும். ஆகவே சூடேற்றிய பிறகே அதைத் தொடுங்கள்.