பாடகரே இல்லாத ராக் இசைக்குழு எப்படிப் பிழைக்கிறது?

திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் ஒரு தம்பி தன் போனில் மொக்வாய் குழுவின் இசையைப் போட்டுவிட்டு, "அண்ணா, பாட்டு எப்ப தொடங்கும்?" என்று கேட்டான். எட்டு நிமிடம் ஓடி முடிந்தது, யாரும் பாடவில்லை.

இதுதான் போஸ்ட்-ராக். கிட்டார், டிரம்ஸ் எல்லாம் ராக் இசையினுடையவைதான். ஆனால் பல்லவி, சரணம் கிடையாது. மெல்லத் தொடங்கி, ஒரே மெட்டின்மேல் ஒலியை அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் கொட்டித் தீர்க்கும்.

நமக்கு இது புதிதில்லை. கோயிலில் சுவாமி வெளிவீதி வரும்போது நாதஸ்வரத்தில் வாசிக்கும் மல்லாரிக்கு ஏது வரிகள்? தவில் ஏற ஏற உடம்பு சிலிர்க்கிறதே, அதே வேலைதான்.

மொக்வாய் 1995இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் தொடங்கியது. 1997இல் முதல் ஆல்பம். வானொலிக்கு இவ்வளவு நீளம் ஒத்துவராது. ஆகவே மேடையும் திரைப்பட, தொலைக்காட்சிப் பின்னணி இசையும் கைகொடுத்தன. 2006இல் கால்பந்து வீரர் ஸிடேன் பற்றிய ஆவணப்படத்துக்கு இசையமைத்தார்கள். வசனத்தோடு மோதும் பாடல் வரிகள் இல்லாததால் இந்த இசை காட்சிக்கு இலகுவாகப் பொருந்தும். மொழி தெரியாத ஊரிலும் எடுபடும், திருகோணமலை உட்பட! 2021இல், குழு தொடங்கி 26 வருடம் கழித்து, அவர்களுக்கு பிரிட்டன் ஆல்பம் தரவரிசையில் முதலிடம். எனக்கு அவர்களின் பழைய ஆல்பங்கள்தான் பிடிக்கும், அது வேறு கதை.

பாடகர் கிடைக்காததால்தான் இப்படி வாசிக்கிறார்கள் என்று பலர் நினைப்பது தவறு. மொக்வாயின் சில பாடல்களில் குரலும் உண்டு, தேவைப்பட்டால் பாடுவார்கள்.