ஈஸ்டுக்கு ஜாதகம் பார்க்கிற படிப்பை நம்பலாமா?

அண்ணே, போன வாரம் நன்னிலத்திலிருந்து பஸ் ஏறி, கும்பகோணத்தில் படிப்பு ஆலோசனை சொல்கிற என்னிடம் வந்து நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான். "பொண்ணு பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடிச்சிட்டா. இப்ப ரத்தத்துல வர்ற ஈஸ்டோட மரபணுவைப் படிக்கப் போறேங்கிறா. இதுக்கெல்லாம் ஆள் எடுக்கிறாங்களா?" வெளியே ஆறு பேர் காத்திருந்ததால் அரைகுறையாகப் பேசி அனுப்பிவிட்டேன். மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கிறவர்கள் இன்னும் சிலர் உண்டு, அவர்களும் படிக்கட்டும்.

முதலில், "கள்ளுல பொங்குமே, அந்த ஈஸ்டுதானே" என்று சிரித்தீர்கள் இல்லையா, அது ஒரு சாது. பாப்பா சொல்வது கேண்டிடா என்கிற வகை. நம் எல்லோர் குடலிலும் தோலிலும் இருக்கும், சும்மா இருக்கிறவரை தொந்தரவு இல்லை. ஐ.சி.யூ.வில் நாள்கணக்கில் கிடக்கிறவர், கழுத்து ரத்தநாளத்தில் குழாய் போட்டவர், வயிற்றில் பெரிய ஆபரேஷன் ஆனவர், குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இவர்கள் ரத்தத்துக்குள் அது போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் மிக ஆபத்தான பூஞ்சைகள் (ஈஸ்டும் பூஞ்சைதான்) என்று முதல் வரிசையில் வைத்த நான்கில் இரண்டு கேண்டிடாதான்: அல்பிகன்ஸ், ஆரிஸ். இந்தியாவில் 27 ஐ.சி.யூ.க்களில் 1,400 நோயாளிகளை வைத்து 2015-ல் வெளியான ஆய்வில் முதலிடம் இரண்டுக்குமே இல்லை, டிராபிகாலிஸ் என்கிற இனத்துக்கு. 41.6 சதவீதம். ஐரோப்பாவில் அல்பிகன்ஸ் முன்னால் நிற்கிறது என்று பாடப்புத்தகம் சொல்வதை இங்கே அப்படியே ஒப்பிக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். ஊருக்கு ஊர் மாறுகிறது, அதனால்தான் இங்கேயே உட்கார்ந்து பார்க்க ஆள் வேண்டும்.

சரி, மரபணு எதற்கு? நீங்கள் விதைப்பண்ணை போட்டவர், உங்களுக்கு இது சுலபமாகப் புரியும். சி.ஆர். 1009 வயலில் நாலு கதிர் தனியாக உயர்ந்து நின்றால் கலவன் என்று பிடுங்கிவிடுவீர்கள். ஆனால் அது எங்கிருந்து வந்தது? போன போகத்தில் உதிர்ந்த நெல் முளைத்ததா, விதை மூட்டையிலேயே வந்ததா, பக்கத்து ஊரில் அறுத்துவிட்டு வந்த மிஷினில் ஒட்டிக்கொண்டு வந்ததா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு. ஆஸ்பத்திரியிலும் அதே கதைதான். ஒரே வார்டில் ஒரே வாரத்தில் மூன்று பேர் ரத்தத்தில் ஒரே இன ஈஸ்ட் என்று ரிப்போர்ட் வருகிறது. அவரவர் குடலிலிருந்து ஏறியதா, ஏற்றிய மருந்துத் திரவத்தில் வந்ததா, அல்லது கைகழுவாத ஒருவர் கட்டில் கட்டிலாகக் கொண்டுபோய்ச் சேர்த்ததா? இனப்பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, எல்லாமே நெல் என்கிற மாதிரி. ரகம் பிரித்தால்தான் தெரியும். அந்த ரகம் பிரிக்கிற வேலைதான் உங்கள் மகள் சொன்னது.

எப்படிப் பிரிக்கிறார்கள் என்றால், அல்பிகன்ஸில் குறிப்பிட்ட 7 மரபணுக்களில் ஒவ்வொரு துண்டை எடுத்து எழுத்து எழுத்தாகப் படித்து, ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு எண் கொடுக்கிறார்கள். ஏழு எண்ணும் ஒத்துப்போனால் ஒரே ரகம். டிராபிகாலிஸுக்கு 6 மரபணு. எண் என்பதால் தஞ்சாவூரில் எடுத்ததை லண்டனில் எடுத்ததோடு உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒப்பிடலாம், அதற்கான தரவுத்தளமும் இலவசம். பாராப்சிலோசிஸ் என்று ஒன்று உண்டு, அதில் இந்த முறை அவ்வளவாக எடுபடாது, மைக்ரோசாட்டிலைட் என்று, திரும்பத் திரும்ப வருகிற சிறு எழுத்துத் துண்டுகளை எண்ணிப் பார்க்கிற வேறு வழி. இப்போது முழு மரபணுத் தொகுதியையே படித்துவிடுகிறார்கள்.

இதில் ஆரிஸ் கதைதான் சுவாரசியம். 2009-ல் ஜப்பானில் ஒரு பாட்டியின் காதிலிருந்து எடுத்து, லத்தீனில் காது என்று அர்த்தம் வருகிற பெயரை வைத்தார்கள். அப்புறம் பார்த்தால் இந்தியா, பாகிஸ்தான், தென்னாப்பிரிக்கா, வெனிசுவேலா என்று திசைக்கொன்றாக அதே இனம். ஒரே ஊரிலிருந்து விமானம் ஏறிப் பரவியிருக்கும் என்றுதானே யாருக்கும் தோன்றும்? முழு மரபணுவையும் படித்துப் பார்த்தபோது, ஒரு பகுதிக்குள் கிடைத்தவை கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, ஆனால் ஒரு கண்டத்துக்கும் இன்னொரு கண்டத்துக்கும் இடையில் ஆயிரக்கணக்கில் எழுத்து வித்தியாசம். அதாவது கிட்டத்தட்ட ஒரே காலத்தில், தனித்தனியாகத் தலையெடுத்திருக்கிறது. ஏன் என்பதற்கு இன்னும் உறுதியான பதில் இல்லை. 2021-ல் அந்தமானில் உப்புச் சதுப்பிலும் கடற்கரை மணலிலும் அதைக் கண்டெடுத்தார்கள், ஆஸ்பத்திரிக்கு வெளியே இயற்கையில் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

நீங்கள் டீ வாங்கப் போனபோது பாப்பாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுச் சேத்துல யாராச்சும் தேடிப் பாத்திருக்காங்களா சார்?" என்று கேட்டாள். பதினெட்டு வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், தானாக ஒரு கேள்வி கேட்கிற பிள்ளைகள் எத்தனை பேர் வருவார்கள் என்று நினைக்கிறீர்கள்? அதனால்தான் 'வேண்டாம்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் சம்பளத்தைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். இந்தப் பெயரில் பட்டம் எதுவும் இல்லை, வேலை விளம்பரமும் வராது. எம்.எஸ்சி.யோடு நிறுத்தினால் தனியார் லேப், மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு, அவ்வளவுதான், தொடக்கச் சம்பளத்தைக் கேட்டால் உங்கள் முகம் சுண்டிவிடும். அரசு ஆஸ்பத்திரி லேப் டெக்னீஷியன் ஆகலாமே என்றால், அதற்குக் கேட்பது எம்.எல்.டி. என்கிற லேப் தொழில்நுட்பப் படிப்பை. இந்தத் துறையில் கை நிறையச் சம்பாதிக்க ஆராய்ச்சி வரை போகவேண்டும். நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆராய்ச்சியாளர் இடம் கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, பிஎச்.டி. முடிக்கிறவரை உங்கள் கையை எதிர்பார்க்க மாட்டாள். கிடைக்காவிட்டால்? அதையும் யோசித்துத்தான் சொல்கிறேன், கிருமியோடு சேர்த்து, மரபணு எழுத்துகளை அலசுகிற கம்ப்யூட்டர் வேலையையும் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஈஸ்டில் பழகிய கை டி.பி.க்கும் கொரோனாவுக்கும் அப்படியே உதவும். நம் பொது சுகாதாரத் துறையே 2021-ல் சென்னையில் சொந்தமாக மரபணு வரிசை பார்க்கிற ஆய்வகம் திறந்திருக்கிறது.

காலேஜ் விஷயத்தில் நான் ஒருமுறை சூடுபட்டவன். கட்டடத்தையும் பிராஸ்பெக்டஸையும் பார்த்து ஒரு பையனை ஓரிடத்தில் சேர்த்துவிட்டேன். இரண்டு வருஷமும் மரபணுத் துண்டை நகலெடுத்துப் பெருக்குகிற பி.சி.ஆர். மிஷின் பிளாஸ்டிக் உறை போட்டபடி கொலுப்பொம்மை மாதிரி இருந்ததாம். அவன் இன்றைக்கும் என்னிடம் மரியாதையாகத்தான் பேசுகிறான், எனக்குத்தான் கூசுகிறது. அதனால் இப்போது யார் வந்தாலும் ஒன்றே ஒன்றைக் கேட்டுவரச் சொல்கிறேன்: உங்கள் கைடுக்கு எந்த ஆஸ்பத்திரியிலிருந்து கிருமி வருகிறது? நோயாளி ரத்தத்தில் எடுத்த ஈஸ்ட் மருத்துவக் கல்லூரியில் இருக்கும், பி.சி.ஆர். வேறு இடத்தில் இருக்கும், இரண்டையும் இணைக்கிற ஆள் இல்லாத துறையில் சேர்ந்து பயனில்லை. மரபணு வரிசை படிக்கிற பெரிய மிஷின் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், அதை வெளியே கம்பெனிக்கு அனுப்பித்தான் பலரும் செய்கிறார்கள்.

கடன் வாங்கித் தனியாரில் சேர்க்க வேண்டாம், இதில் நான் பிடிவாதம். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வு சி.யூ.இ.டி. எழுதட்டும், திருவாரூர் பக்கம் நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகமே இருக்கிறது. பயோடெக்னாலஜி மேற்படிப்புக்கான கேட்-பி (GAT-B) நுழைவுத் தேர்வும் எழுதட்டும். திருச்சி பாரதிதாசனையும் பாருங்கள். ப்ராஜெக்ட் மாதங்களுக்கு ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. என்று இப்போதிருந்தே கடிதம் எழுதலாம். நாடு முழுக்கவிருந்து பூஞ்சைகளைச் சேர்த்து வைத்திருக்கிற இடம் சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவ நிறுவனம், கனவு காண்பதானால் அங்கே காணட்டும்.

அம்மாவுக்கு ஒரு வார்த்தை: லேபில் வேலை பார்த்தால் தொற்றிக்கொள்ளும் என்று பயப்படாதீர்கள். பாதுகாப்புப் பெட்டிக்குள் கைவிட்டுத்தான் வேலை, ஆரோக்கியமாக இருக்கிறவர்களை இது லேசில் சாய்க்காது.

கல்யாணத்தைப் பற்றி நீங்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் அதற்குத்தான் வந்தீர்கள் என்று தெரிந்தது அண்ணே. எம்.எஸ்சி. இரண்டு வருஷம், பிஎச்.டி. ஐந்து வருஷம் பிடிக்கும். அந்தக் கணக்கை வீட்டில் பாப்பாவையும் உட்காரவைத்துப் பேசுங்கள், அவள் இல்லாமல் பேசாதீர்கள்.

பாப்பா, இது உனக்கு. அந்தத் தரவுத்தளத்தில் அல்பிகன்ஸைத் திறந்து, ஆசியாவிலிருந்து வந்த பதிவுகளில் ஒரு இருபதை எடுத்து, ஏழு எண்களையும் எக்ஸெலில் போட்டு, எந்த நாட்டோடு எது சேருகிறது என்று பார். மரபணுக்களை ஒப்பிட்டு உறவு மரம் வரைகிற மெகா (MEGA) மென்பொருளும் இலவசம், வரைந்து பழகு. சலித்துப்போனால் மறைக்காமல் சொல், அதுவும் எனக்கு வேண்டிய பதில்தான். நடவு முடிந்து அப்பாவுக்கு ஓய்வு கிடைத்ததும் அந்தத் தாளோடு மார்க் ஷீட்டையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வாருங்கள். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், கூட்டம் அதிகம்.