600 மணித்தியாலம் பறந்துவிட்டேன். அடுத்தது ஏ320 டைப் ரேட்டிங்கா, பயிற்றுநர் வேலையா?

கேட்டவர் திருகோணமலைத் தம்பி. வணிக விமானி அனுமதிப்பத்திரம் இருக்கிறது, பறந்ததெல்லாம் சிறிய ஒற்றை இயந்திர விமானம். வீட்டுக் காணியை ஈடுவைத்து ஏ320 டைப் ரேட்டிங், அதாவது அந்த ஏர்பஸ் ஜெட் விமானத்தை ஓட்டும் தகுதி, எடுக்கலாமா என்கிறார்.

காணியில் கை வைக்க வேண்டாம் தம்பி. வேலைக் கடிதம் இல்லாமல் எடுக்கும் ரேட்டிங், வண்டி இல்லாதவன் வாங்கிவைத்த பெற்றோல் மாதிரி. சும்மா வைத்திருந்தால் ஆவியாகும். திறன் சோதனையை அவ்வப்போது சிமுலேட்டரில் புதுப்பிக்க வேண்டும், அதற்கும் காசு.

முதலில் பறந்த நேரத்தைப் பதியும் லொக் புத்தகத்தை விரியுங்கள். மொத்தத்தை விடுங்கள், இரவுப் பறப்பு எழுதும் நிரலைப் பாருங்கள். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் விதிப்படி ஏடிபிஎல், அதாவது பெரிய பயணிகள் விமானத்துக்குக் கப்டன் ஆக வேண்டிய அனுமதிப்பத்திரம், எடுக்க 1500 மணித்தியாலம் மட்டும் போதாது. அதற்குள் இரவுப் பறப்பு 100, வெளியே பாராமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் கருவிப் பறப்பு 75 வேண்டும். உங்கள் ஊர்ச் சீனக்குடா விமான நிலையத்தில் காலையில் இறங்கி வெயில் சாயமுன் திரும்பும் பறப்பால் அந்த நிரல் நிரம்பாது. 1400 வந்த பிறகு இதைக் கண்டு தலையில் கைவைத்தால் யாரை நோவது?

என் தெரிவு பயிற்றுநர் வேலைதான். இரத்மலானையில் பறப்புப் பள்ளிகள் இருக்கின்றன. சொல்லிக்கொடுக்கும் நேரம் உங்களுக்குப் பொறுப்பு விமானி நேரமாகவே, அதாவது விமானத்துக்கு நீங்களே பொறுப்பாக இருந்து பறந்த நேரமாகவே, சேரும். சம்பளம் பெரிதில்லை, அதை மறைக்கவில்லை. கையில் மிஞ்சும் காசை இரட்டை இயந்திர ரேட்டிங்கில் போடுங்கள்.

அப்புறம், முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ். 40 வயதுக்குள் 12 மாதம்தான் செல்லும். வேலை தேடும் இடைவெளியில் அதைக் காலாவதியாக விட்டுவிடாதீர்கள்.