காசைக் கொடுக்க முதல் சாமானின் முழுப்பெயரைக் கேளுங்கள்: கேமிங் கணினி கேள்வி–பதில்

கணினிச் சாமான் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கிய பிறகுதான் "அண்ணா, பொருந்தேல்ல" என்று பலர் எழுதுகிறார்கள். திருப்பி அனுப்பி மாற்றி எடுக்க ஒரு கிழமை போய்விடும். பெட்டி உடைத்த சாமானை எடுக்கமாட்டோம் என்கிற கடைகளும் உண்டு. அதனால் இன்னும் காசு கட்டாமல் காத்திருப்பவர்களின் கேள்விகளை இந்தமுறை முன்னுக்கு எடுத்திருக்கிறேன்.

கொக்குவிலில் இருந்து ஒரு தகப்பன்: மகன் ஏ.எல். சோதினை எழுதி முடிச்சிட்டான். கனடாவில இருக்கிற மச்சான் காசு அனுப்பியிருக்கிறார். மகன் எழுதித் தந்த பட்டியல் இது: ரைசன் 5 5600, பி450 மதர்போட், 16 ஜிபி டிடிஆர்5 ரேம், ஆர்எக்ஸ் 6600, 500 வாட் பவர் சப்ளை. அப்படியே வாங்கலாமோ?

புரொசசரும் (ரைசன் 5 5600) கிராபிக்ஸ் காட்டும் (ஆர்எக்ஸ் 6600) நல்ல சோடி. பட்டியலில் ரேமை மட்டும் வெட்டிவிடுங்கள். ரைசன் 5 5600 பூட்டுவது ஏஎம்4 சொக்கற்றில் (மதர்போட்டில் புரொசசர் பூட்டும் இடம்). அந்தச் சொக்கற்றுக்கு டிடிஆர்4 மட்டும்தான். டிடிஆர்5 ரேமின் அடியிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும், ஸ்லொட்டுக்குள் இறங்காது. இறுக்கம் என்று நினைத்து அமத்தினால் ஸ்லொட்தான் உடையும். டிடிஆர்4, 3200 வேகம், 8 ஜிபி இரண்டு என்று மாற்றி எழுதுங்கள்.

மதர்போட்டைப் பற்றிக் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்கவேண்டும். பி450 வந்தது 2018இல், இந்தப் புரொசசர் வந்தது 2022இல். பயோஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும், மதர்போட்டிலேயே இருக்கும் மென்பொருள்) பழையதாக இருந்தால் போட்டுக்குப் புரொசசரை அடையாளம் தெரியாது. ஃபான் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். "5600க்கு பயோஸ் அப்டேட் செய்துதான் தருவீர்களா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சில போட்களில் புரொசசர் இல்லாமலே பென் டிரைவால் அப்டேட் செய்ய ஒரு பட்டன் பின்பக்கம் இருக்கும். வீட்டில் செய்வதென்றால் யூபிஎஸ்ஸில் (கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் பற்றரிப் பெட்டி) போட்டுச் செய்யுங்கள். இடையில் கரண்ட் போனால் போட் செத்ததாகவே முடியலாம். கொஞ்சம் கூடக் கொடுக்க முடிந்தால் பி550 எடுங்கள். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு, கோண்டாவில் தம்பிக்கான பதிலில் சொல்கிறேன்.

500 வாட் என்பது எந்த 500 வாட்? அடுத்த கேள்வியும் அதுதான்.

சாவகச்சேரி வாசகர்: கேசிங்கோட 500 வாட் பவர் சப்ளை சும்மா தாறாங்கள். ஆர்எக்ஸ் 6600க்கு அது காணுமோ?

காணாது. கோபத்தோடு இல்லை, கவலையோடுதான் சொல்கிறேன். மலிவு கணினிகளில் நான் காணும் அழிவுகளில் அதிகம் இந்த ஒரு பெட்டியிலிருந்துதான் தொடங்குகிறது.

பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும். அதில் +12 வோல்ற் என்ற கட்டத்தைப் பாருங்கள். அங்கே எழுதியிருக்கும் அம்பியரைப் 12ஆல் பெருக்குங்கள். புரொசசருக்கும் கிராபிக்ஸ் காட்டுக்கும் உண்மையில் கிடைப்பது அவ்வளவுதான். போன மாதம் ஒரு பெடியன் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். விளையாட்டுத் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் நின்றுவிடுகிறது, கிராபிக்ஸ் காட் பழுது என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்களாம். பவர் சப்ளையைக் கழட்டிக் கையில் எடுத்தேன், வெறும் தகரப் பேணி போல இருந்தது. லேபிளில் பெரிய எழுத்தில் 500 வாட். கீழே சின்ன எழுத்தில் +12 வோல்ற், 15 அம்பியர். 12 தர 15, 180 வாட். ஆர்எக்ஸ் 6600 மட்டுமே 132 வாட் வரை எடுக்கும். மிச்சம் 48 வாட்டில் புரொசசர் என்ன செய்யும்? காட்டில் ஒரு பழுதும் இல்லை. நல்ல பவர் சப்ளை பூட்டியதும் அதே காட் பின்னேரம் முழுக்க ஓடியது.

450 முதல் 550 வாட் போதும். ஆனால் +12 வோல்ற்றில் 35 அம்பியராவது இருக்கவேண்டும். உள்ளீடு 100–240 வோல்ற் என்று எழுதியிருப்பதை எடுங்கள். பொழுதுபட்டதும் வோல்டேஜ் இறங்குகிற வீடுகளில் அதுதான் தாக்குப்பிடிக்கும். 80 பிளஸ் முத்திரை நல்ல அடையாளம், ஆனால் அது சொல்வது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும். கேபிள்களையும் பாருங்கள். புரொசசருக்குப் போகும் 8 முனையும் கிராபிக்ஸ் காட்டுக்குப் போகும் 8 முனையும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் கம்பி ஒழுங்கு வேறு. கேபிள் கழட்டிப் பூட்டும் வகை என்றால், ஒரு பவர் சப்ளையின் கேபிளை இன்னொன்றில் ஒருநாளும் செருகவேண்டாம். அப்படிச் செருகி எரிந்த எஸ்எஸ்டிகளைப் பார்த்திருக்கிறேன், உள்ளே இருந்த கலியாணப் படங்களும் போயின.

கோண்டாவில் தம்பி: என்னட்டை ரைசன் 5 5600ஜி இருக்கு. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மலிவா வருது. பூட்டட்டோ?

பூட்டலாம், வேலையும் செய்யும். ஆனால் அதற்குக் காசு கொடுக்கவேண்டாம். அந்தக் காட் மதர்போட்டோடு பேசுவது நான்கு பாதைகளால் மட்டும். பிசிஐஇ என்ற அந்தப் பாதையின் 4.0 பதிப்பு இருந்தால் நான்கும் சமாளிக்கும். உங்கள் 5600ஜி தருவது 3.0. அதாவது பாதையின் வேகம் பாதியாகிறது. காட்டின் சொந்த நினைவகம் 4 ஜிபிதான் என்பதால் அது நிரம்பியதும் விளையாட்டு விக்கி விக்கி ஓடும். பி450 போட்டும் காட்டுக்கு 3.0தான் தருகிறது. கொக்குவில் ஐயாவுக்கு பி550 சொன்னதன் மற்றக் காரணம் இதுவே. உங்களுக்கு ஆர்எக்ஸ் 6600 பொருந்தும், எட்டுப் பாதை, 8 ஜிபி.

அதுவரை ஒரு வேலை செய்யுங்கள். இப்போது ஒற்றை ரேம் பூட்டியிருந்தால் அதே அளவில் இன்னொன்று வாங்கி, புரொசசரிலிருந்து எண்ணி இரண்டாம், நான்காம் ஸ்லொட்டுகளில் பூட்டுங்கள். 5600ஜியின் உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் ரேமைத்தான் பாவிக்கிறது, வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

மானிப்பாய்: ஐ3-12100எஃப் வாங்கினனான். ஃபான் சுத்துது, படம் வரேல்ல.

பெயரின் கடைசியில் எஃப் என்றால் புரொசசருக்குள் கிராபிக்ஸ் இல்லை. எச்டிஎம்ஐ கேபிளை மதர்போட்டிலிருந்து கழட்டி கிராபிக்ஸ் காட்டில் செருகுங்கள். காட் வாங்கவில்லை என்றால், வாங்கும்வரை படம் வராது.

திருநெல்வேலி, பல்கலைக்கழக மாணவர்: அறையில மெல்லிசான பழைய டெல் ஒப்பீஸ் கொம்பியூட்டர், 4ஆம் தலைமுறை ஐ5. கிராபிக்ஸ் காட் போடலாமோ?

போடலாம், கட்டுப்பாட்டோடு. மெல்லிய கேசிங்கில் அரை உயரக் காட்தான் நிற்கும். பவர் சப்ளையிலிருந்து காட்டுக்குத் தனிக் கேபிள் இல்லாதபடியால், காட் செருகும் ஸ்லொட் தரும் 75 வாட்டுக்குள் ஓடுவதாகவும் இருக்கவேண்டும். ஜிடிஎக்ஸ் 1650இன் அரை உயர வகை சரி. தனிக் கேபிள் கேட்கும் 1650களும் உண்டு, படத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள். பவர் சப்ளையை மாற்ற யோசிக்கவேண்டாம். பல ஒப்பீஸ் கணினிகளில் 24 முனை இணைப்புக்குப் பதில் கொம்பனியின் சொந்த இணைப்புத்தான் இருக்கும்.

இதில் கனக்கக் காசு இறக்காதீர்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 பொதுவாக இன்டெல் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். காட்டை வாங்கும்போது முழு உயரத் தகட்டையும் கேட்டு வாங்கி வையுங்கள். நாளைக்குப் பெரிய கேசிங்குக்கு அது மாறும்.

நல்லூர்: பாவிச்ச ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி. மைனிங்கில (கிரிப்டோ காசு எடுக்கிற வேலையில) ஓடினதாம். எடுக்கலாமோ?

முதலில் பெயருக்குப் பின்னால் 2048எஸ்பி என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது குறைந்த வகை, விலையும் குறையவேண்டும். பிறகு உங்கள் கண்முன்னே அரை மணித்தியாலம் விளையாட்டு ஓடவிட்டுப் பாருங்கள். திரையில் நிறப்புள்ளி தெறித்தால் வைத்துவிட்டு வாருங்கள். 185 வாட் எடுக்கும் காட், பவர் சப்ளைச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

பருத்தித்துறை: வீடு கடற்கரையில. என்ன கவனிக்கோணும்?

உப்புக்காற்றுத்தான் உங்கள் எதிரி. கணினியைக் கடல் பக்க யன்னலுக்குக் கீழே வைக்காதீர்கள். பின்பக்கம் திறந்திருக்கும் ஸ்லொட் தகடுகளை மூடுங்கள், பல்லியும் எறும்பும் அதற்குள்ளால்தான் போகும். கேசிங்கில் கை பட்டால் சுள்ளென்கிறதா? எர்த் இல்லை. மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டு மாரி தொடங்க முதல் சரிசெய்யுங்கள். யூபிஎஸ் வாங்கும்போது விஏ என்று எழுதிய பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறவேண்டாம், வாட்டைப் பாருங்கள். 650 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட் அளவுதான், விளையாட்டைச் சேமித்து அணைக்க அது போதும். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கினால் யூபிஎஸ்ஸை நம்பாமல் பிளக்கைக் கழட்டுங்கள், ரவுட்டரிலிருந்து வரும் கேபிளையும் சேர்த்து.